யாருடைய ஆசை?

பக்கத்து வீட்டு நண்பர் ஒரு நாள் காலையில் கையில் பத்திரிகையுடன் வந்தார். படித்த செய்தியைச் சொல்வதற்காக அல்ல. படிக்க முடியவில்லை என்று சொல்வதற்காக.

"ஏமாந்துவிட்டேன், ஸார்" என்றார்.

நண்பருக்கு வயது 46. பதினாறாவது வயதிலிருந்து மைனஸ் மூன்று கண்ணாடி அணிந்தவர். இரண்டு மாதங்களுக்கு முன் லேசர் சிகிச்சை செய்துகொண்டு, கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். தெருக்கோடியில் திரும்பும் பஸ்ஸின் எண்ணை இப்போது வாசலில் நின்றே படிக்கிறார். அதை அவர் மறுக்கவில்லை. ஆனால் கையிலுள்ள பத்திரிகையின் எழுத்துக்கள் எறும்புச் சாரை போல் கலங்கித் தெரிகின்றனவாம்.

"முன்பெல்லாம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பத்திரிகை படிப்பேன். இப்போது பத்திரிகை படிக்கக் கண்ணாடி போட வேண்டும் என்கிறார் டாக்டர். இது என்ன நியாயம்?"

இதில் நியாயமும் இல்லை, அநியாயமும் இல்லை. இதற்குச் சாளேஸ்வரம் என்று பெயர். நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வளைந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது. லேசர் அதைத் தொடுவதே இல்லை. கண்ணின் முன்புறத்தை மட்டும்தான் திருத்துகிறது. நண்பருக்கு அவருடைய கிட்டப்பார்வையே, அந்த வயதில், இலவசமாகக் கிடைத்த படிப்புக் கண்ணாடியாக இருந்து வந்திருக்கிறது. குறையை நீக்கினார்கள், குறை செய்து வந்த உபகாரமும் கூடவே போய்விட்டது.

"இதை முன்பே சொல்லவில்லையா?" என்று கேட்டேன். வீட்டுக்குப் போய், தாம் கையெழுத்திட்ட காகிதத்தின் நகலைக் கொண்டு வந்தார். மூன்றாம் பக்கத்தில் இருந்தது. சந்தேகமில்லாமல் இருந்தது. ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் வாசலில் கண்ணாடிக்கு விடை கொடுக்கச் சொல்லும் பலகை ஓர் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. எச்சரிக்கையோ, நல்ல கண் உள்ளவர்களும் முகத்தருகே வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் இருக்கிறது. ஆசையைப் பெரிய எழுத்திலும் உண்மையைச் சிறிய எழுத்திலும் அச்சிடுகிறவர்கள் பொய் சொன்னதாகச் சட்டம் சொல்லாது. நானும் அவர்களை நேர்மையானவர்கள் என்று சொல்லமாட்டேன்.

இருந்தாலும் குற்றத்தில் பாதி நண்பருடையது. அவர் வாங்கப் போனது பார்வையை அல்ல, பதினாறு வயதை. அதை எந்த ஆஸ்பத்திரியும் விற்பதில்லை.

இந்தச் சிகிச்சையிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதை முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு மேல் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இதன் பிறப்பில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக் கழகத்தில் படித்து அமெரிக்கா சென்ற ரங்கசாமி ஸ்ரீநிவாசன் என்ற ரசாயன விஞ்ஞானி, நியூயார்க் மாநிலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். அந்த நாட்டில் நன்றி கூறும் திருநாளன்று வான்கோழி சமைப்பார்கள். 1981 நவம்பர் 27-ஆம் தேதி, முந்தின நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை அவர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு எடுத்துப் போய், எக்ஸைமர் லேசர் என்னும் புற ஊதாக் கதிரின் கீழ் வைத்தார். கதிர் பட்ட இடம் கத்தியால் கீறியதை விடச் சுத்தமாக வெட்டுப்பட்டது. பக்கத்துத் தசை கருகவில்லை. அவரும், வின், பிளம் என்ற இரண்டு சகாக்களும் அந்த எச்சில் விருந்தில் கண்டதுதான் பின்னால் கோடிக்கணக்கான கண்களைத் தொட்டது. 1983-ல் டிரோக்கல் என்ற கண் டாக்டர் ஸ்ரீநிவாசனோடு சேர்ந்து இதைக் கண்ணுக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். கண்டுபிடித்த மூவருக்கும் 2013-ல் அமெரிக்க ஜனாதிபதி தேசிய விருது அளித்தார்.

கருவிழியின் முன்னால் கடிகாரத்தின் கண்ணாடி போல் கவிந்திருக்கிறதே தெளிந்த படலம், அதற்குக் கார்னியா என்று பெயர். அதன் நடுப்பகுதியின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். லேசிக் முறையில், அதன் மேற்புறத்தை மெல்லிய மூடி போல் வெட்டித் திறந்து, அடியிலுள்ள பாகத்தை லேசரால் செதுக்கிவிட்டு, மூடியைத் திரும்பப் படிய வைக்கிறார்கள். ஒவ்வொரு பவருக்கும் சுமார் 12 முதல் 15 மைக்ரான் போகும். மைனஸ் நாலு என்றால் தலைமயிர் ஒன்றின் கனம். அவ்வளவுதான் எடுப்பது; ஆனால் எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. மூடி வெட்டாமல், சிறு கீறல் வழியே செய்யும் முறையும் இப்போது வந்திருக்கிறது.

சிகிச்சைக்குச் சில நிமிஷங்கள்தான். மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள். இமைகளை விலக்கி வைப்பார்கள். கண்ணை அழுத்திப் பிடிக்கும்போது சில விநாடிகள் பார்வை இருண்டுவிடும், பயப்பட வேண்டியதில்லை. ஓர் ஒளிப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள். மயிர் பொசுங்குவது போன்ற வாசனை வரும். பிறகு சில மணி நேரம் எரிச்சலும் கண்ணீரும் இருக்கும். மறுநாள் காலையில் பெரும்பாலோருக்குச் சுவரிலுள்ள காலண்டரின் தேதி தெரிந்துவிடுகிறது. அந்தக் காலை ஓர் அற்புதம் என்றே அனுபவித்தவர்கள் சொல்கிறார்கள். நான் நம்புகிறேன்.

மற்றதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் நடத்தி, 2017-ல் இதழில் அச்சான ஆய்வு ஒன்று உண்டு. அதில் நூற்றுக்கு 95-க்கு மேற்பட்டோர் தங்கள் பார்வையில் திருப்தி என்றார்கள். அதே ஆய்வில், முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 சதவிகிதம் வரை, மூன்றாம் மாதத்தில், விளக்கைச் சுற்றி வட்டமோ கூச்சமோ நிழலோ ஏதேனும் ஒன்று புதிதாகத் தெரிவதாகச் சொன்னார்கள். 30 சதவிகிதம் வரை கண் உலர்வு. தொந்தரவால் அன்றாட வேலையே பெரிதும் கெட்டவர்கள் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு.

குறைவுதான். ஆனால் அந்த ஒருவராக யார் இருக்கப் போகிறார் என்பதை முன்கூட்டிச் சொல்லும் கருவி இல்லை. அவரிடம் போய், "மற்றவர்கள் எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள்" என்று சொல்வது ஆறுதல் ஆகாது.

இன்னும் ஒன்று. லேசர் கண்ணாடியை நீக்குகிறதே தவிர, கண்ணை மாற்றிவிடுவதில்லை. கிட்டப்பார்வைக் கண் சற்று நீண்ட கண். உள்ளே விழித்திரை இழுபட்டிருக்கும் அபாயம் முன்பு போலவே இருக்கும். ஆகவே ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். நோயில்லாத கண்ணில் இதைச் செய்யலாமா?

புரை முற்றிய கண்ணை வைத்துக்கொண்டு தத்துவம் பேசுகிறவன் மூடன். இங்கே விஷயம் வேறு. கண்ணாடி போட்டால் தெரிகிற கண் இது. குணப்படுத்த நோய் இல்லை. நிறைவேற்ற ஓர் ஆசைதான் இருக்கிறது. ஆசைக்காக உடம்பைத் திருத்துவது பாவம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. காது குத்தாத குடும்பம் நம்மில் எது? காலையில் எழுந்ததும், கண்ணாடியைத் தேடவே ஒரு கண்ணாடி தேவைப்படுகிற மைனஸ் எட்டுக்காரரிடம் போய், இயற்கையோடு பொருந்தி வாழும்படி உபதேசிப்பதும் அழகல்ல. ஆசை இருக்கலாம். அது யாருடைய ஆசை என்பதுதான் கேள்வி.

என் தங்கையின் மகள் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நல்ல வரன் வந்தது. பிள்ளை வீட்டாருக்கு எல்லாம் பிடித்தது. மைனஸ் நாலு கண்ணாடிதான் பிடிக்கவில்லை. அவர்கள் அதை வாய்விட்டுக்கூடச் சொல்லவில்லை. "இப்போதுதான் லேசர் எல்லாம் வந்துவிட்டதே" என்று பிள்ளையின் தாயார் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். அடுத்த வாரமே தங்கை பெண்ணை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். துணைக்கு நானும் போனேன்.

பரிசோதனை முடிந்ததும் டாக்டர் எங்கள் இருவரையும் வெளியே இருக்கச் சொன்னார். உள்ளே நடந்ததைப் பெண் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

"இந்தக் கண்ணாடி உனக்கு என்ன கஷ்டம் கொடுக்கிறது?" என்று டாக்டர் கேட்டாராம்.

அவள் வெகு நேரம் யோசித்துவிட்டு, "எனக்கு ஒன்றுமில்லை, டாக்டர். அம்மாவுக்குத்தான்" என்றாளாம்.

டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, "கண் தகுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவசரம் கண்ணுக்கு இல்லை. உங்கள் பெண்ணுக்கே வேண்டும் என்று தோன்றும்போது வரட்டும்" என்றார். ஒரு நல்ல வருமானத்தை அவர் அந்த நிமிஷத்தில் வேண்டாமென்று தள்ளினார். வரன் வேறு இடத்தில் அமைந்தது. தங்கை ஆறு மாதம் அந்த டாக்டரைத் திட்டினாள். உடன் போன பாவத்துக்கு என்னையும் திட்டினாள்.

கண்ணப்பர் தம் கண்ணை அம்பால் அகழ்ந்து அப்பினார் என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அது அவராகக் கொடுத்த கண். கொடு என்று யாரும் அவரைக் காபி ஆற்றிக்கொண்டே நெருக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் சென்றன. பெண் கிராமப்புற ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு நாள் அவளாகவே என்னிடம் வந்தாள்.

"மாமா, மழையில் கொட்டகைக்குள் குனிந்து கன்றை இழுக்கும்போது கண்ணாடி சேற்றில் விழுந்துவிடுகிறது. கை இரண்டும் வேலையில் இருக்கிறது. யாரை எடுத்துத் தரச் சொல்வேன்? லேசர் செய்துகொள்ளலாம் என்று பார்க்கிறேன்" என்றாள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைத்திருந்தாள். இடப்பக்கம் வேண்டியவை, வலப்பக்கம் வரக்கூடியவை. வலப்பக்கத்தின் முதல் வரி: "ராத்திரி ஸ்கூட்டர். எதிரே வரும் லாரி விளக்கு."

அந்த வரியைத்தான் அவள் டாக்டரிடம் நெடுநேரம் கேட்டாள். டாக்டரும் மழுப்பாமல், "வரலாம். பலருக்குக் குறைந்துவிடும். சிலருக்கு நிற்கும்" என்றார். அவள் ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தாள்.

கண்ணாடி போயிற்று. சேறும் மழையும் அவளுக்கு இப்போது வெறும் சேறும் மழையும்தான். கண் உலர்வு சில மாதம் இருந்து தணிந்தது. விளக்கைச் சுற்றிய வட்டம் மட்டும் முழுதாகப் போகவில்லை. இரவில் நிதானமாக ஓட்டுகிறாள்.

இதைக் கேட்ட தங்கை ஒரு நாள் என்னை மடக்கினாள். "அன்றைக்கே செய்திருந்தாலும் இதே கண்தானே, அண்ணா? இதே வட்டம்தானே? நடுவில் ஒரு நல்ல இடம் போனதுதான் மிச்சம்."

கேள்வி சரியானது. லேசருக்கு யாருடைய ஆசை என்பது தெரியாது. அன்றும் அதே அளவுதான் செதுக்கியிருக்கும். சுயமாகத் தீர்மானித்தவருக்கு வலி குறைவு என்றும் நான் சொல்லமாட்டேன். வலி வலிதான். ஆனால் தங்கையிடம் இதைச் சொன்னேன்: "அன்றைக்குச் செய்திருந்தால், ஒவ்வொரு லாரி விளக்கிலும் அவள் உன்னைப் பார்த்திருப்பாள், அம்மா."

தங்கை பதில் சொல்லவில்லை.

பிறர் உடம்பில் விழும் அபாயத்தை நம் ஆசையால் நிறுத்துப் பார்க்கும் உரிமை நமக்குக் கிடையாது. பெற்ற தாய்க்கும் கிடையாது. விளம்பரப் பலகைக்கு நிச்சயமாகக் கிடையாது. இந்தச் சிகிச்சையை நாடுகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அந்தப் பெண்ணைப் போல ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். இடப்பக்கத்தில் எழுதியிருப்பது தம் கையெழுத்துத்தானா என்று பார்த்துக்கொள்ளட்டும். வலப்பக்கத்தையும் அவர்களே எழுதட்டும்.

சென்ற கார்த்திகைக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பெண் திண்ணை முழுவதும் அகல் வரிசை வைத்து ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இன்னும் வட்டம் தெரிகிறதா?" என்று கேட்டேன்.

"தெரிகிறது மாமா. ஒவ்வொரு அகலுக்கும் ஒன்று" என்றாள். பிறகு, அணைந்து போயிருந்த ஓர் அகலைக் கண்டு, குனிந்து அதை ஏற்றப் போனாள்.