கொண்டச்சிக் கடலும் நாளைய கவலையும்

மன்னார்க் கரையிலுள்ள கொண்டச்சியில் பிரித்தானியர் காலத்தில் நடந்த முத்துக்குளிப்பில், கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் ஊன்றி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கி மூழ்கிய பரதவர், 1530களில் திருமுழுக்குப் பெற்ற சமூகத்தின் வழிவந்த கத்தோலிக்கராயிருந்தும், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவராகிய 'கடல்கட்டி' இன்றிக் கடலில் இறங்கத் தயங்கினர். கடல்கட்டிகளின் தலைவரே அப்போது கத்தோலிக்கர்தான் என்று, 1859இல் வெளியான தம் இலங்கை நூலில் எமர்சன் தெனன்ட் குறிக்கிறார்.

மூழ்குவோரின் இந்தத் தயக்கத்தை விசுவாசக் குறைவு என்று தீர்ப்பிடுவது, கரையில் நிற்பவருக்கு எளிது. ஆனால் மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் இயேசு விலக்கச் சொல்வது உணவு, உடை, நாளைய நாள் ஆகியவை பற்றிய கவலையை, அதாவது இன்னும் வராத துன்பத்தை இன்றே சுமக்கும் மனநிலையை. எதிரே நிற்கும் ஆபத்தைக் கண்டு எழும் அச்சத்தை அன்று. அந்நாளுக்கு அந்நாளின் தொல்லையே போதும் என்று அப்பகுதி முடிவதால், தொல்லை இல்லை என்ற வாக்குறுதி அங்கே தரப்படவில்லை என்பதும் தெளிவு. ஆகவே மன்றாடிவிட்டு மூழ்குபவரும், மேலே படகிலிருப்பவர் தம் கயிற்றை விடாமல் பிடித்திருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. முரண்பாடு மந்திரத்தில்தான் தொடங்குகிறது, ஏனெனில் அது கடவுளிடம் ஒப்படைப்பதை விட்டுக் கடலைத் தன்வசப்படுத்த முயல்கிறது.