தெரிஞ்ச ஆள்

விடியறதுக்கு முன்னாடியே போடியிலிருந்து ஜீப்புகள் மலையேறுகின்றன. கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, போடிமெட்டு சோதனைச் சாவடியைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. எங்கம்மா அப்படிப் போனவங்கதான். அந்த வேலைக்கு மனு கிடையாது, நேர்முகத் தேர்வு கிடையாது. 'நாளைக்கு வா' என்று கங்காணி சொன்னால் போதும். பட்டம் வாங்கிட்டு நான் அலைந்தபோதுதான் புரிந்தது: நாற்காலி போட்ட வேலைக்கும் யாராவது ஒரு ஆள் சொன்னால் போதும். அந்த ஆள் எங்க காலனியில் இல்லை, அவ்வளவுதான்.

தெரிஞ்ச ஆள் இல்லாதவனுக்கு வேலைவாய்ப்பு அலுவலகம் ஒரு வரிசையைத் தந்தது. 1945 ஜூலையில், போர் முடிந்து திரும்பும் சிப்பாய்களுக்கு வேலை தேடித்தர அதற்கான தலைமை இயக்ககம் உருவானபோது, வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1948-ல் அந்தக் கதவு எல்லாருக்கும் திறந்தது. பதிவு எண், பதிவு மூப்பு. சிபாரிசுக்குப் பதிலாக வரிசை. எங்க சனத்துக்கு அது சின்ன விஷயமில்லை.

ஆனால் 1959-ல் வந்த சட்டம் என்ன சொன்னது? 25 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் தனியார் முதலாளி காலியிடத்தை அறிவிக்கணும். அந்தப் பட்டியலிலிருந்துதான் ஆள் எடுக்கணும் என்ற கட்டாயம் இல்லை. தனியார் விவசாய வேலைக்கோ அறிவிக்கவே வேண்டாம். எங்கம்மா செய்த வேலை சட்டத்துக்கு வெளியே நின்றது. நான் தேடிய வேலை சட்டத்துக்குள்ளே இருந்தும் கைக்கு எட்டவில்லை. தேனி தனி மாவட்டமான அதே 1996-ல், அலுவலகப் பட்டியல் மட்டும் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் கொடுக்கணும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது நியாயம்தான். ஆனால் மூப்பை நம்பிக் காத்திருந்தவனின் வரிசை கலைந்தது.

இன்று மாவட்ட வேலைவாய்ப்பு மையங்களில் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் நடக்கின்றன. அரசுத் தேர்வுக்கு இலவசப் பயிற்சி. தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் உண்டு. இதற்கு வெளிநாட்டில் ஒரு முன்னோடி இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நேதன் அஸ்ரின் என்ற உளவியலாளர் 'ஜாப் கிளப்' தொடங்கினார். வேலையில்லாதவர்கள் தினமும் கூடி, ஒருவருக்கொருவர் துணையாக வேலை தேடுவது. 1980-களில் பிரிட்டன் அரசும் இதைச் செய்தது. அதில் முக்கியமான பாடம்: சொந்தக்காரர்களிடமும் நண்பர்களிடமும் கேள்.

நான் யாரிடம் கேட்பது? மாமாவுக்குத் தெரிந்தது ஏலத்தோட்டம். இந்த நாட்டில் சாதிதான் மிகப் பழைய ஜாப் கிளப். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது; கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் கூடும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெலும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வேறுவேறு பெயரில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், நேர்முகத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்குதான். விண்ணப்பம் எழுதத் தெரியாததா அங்கே குறை?

ஒரு பயிற்சி வகுப்பில் ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஊர் எதுன்னு கேட்டா போடின்னு சொல்லு தம்பி. காலனிப் பேர் வேணாம்." நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் தட்டுகிறவனைத் திருத்தினால் கதவு திருந்துமா?

அப்படியானால் இந்த வட்டங்கள் வேண்டாமா? வேண்டும். அங்கே படித்து வேலைக்குப் போன ஒரு அக்கா, லீவு நாளில் வந்து எங்களுக்குக் கணக்கு சொல்லித்தந்தாங்க. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் 'தெரிஞ்ச ஆள்' அவங்கதான். பொதுப்பணம் செய்ய வேண்டியது இதைத்தான்: சாதி சிலருக்குச் சும்மா கொடுத்ததை மற்றவர்களுக்கு உண்டாக்கித் தருவது. இது தர்மமில்லை, பாக்கி.

அடுத்த நேர்முகத்தில் காலனிப் பெயரைச் சொன்னேன். வேலை கிடைக்கவில்லை. அந்தப் பதிலாலா, வேறு காரணமா, தெரியாது. தெரியாமலே வீட்டுக்கு வந்து, என்னையே குறை சொல்லிக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு நம்மைப் பழக்குகிறது. நம் பணத்தில் முகாம் போட்டு நிறுவனங்களை அழைக்கிற அரசு, அவர்கள் எங்களில் எத்தனை பேரை எடுத்தார்கள் என்று கணக்குக் கேட்டு ஊரறிய ஒட்டட்டும். குறை யாரிடம் என்று அப்புறம் பேசுவோம்.