கூடவே வாழும் நோயும் மார்க்கம் தந்த சலுகையும்

நோய்களில் இரண்டு வகை உண்டு. விருந்தாளியைப் போல் வந்து, மூன்று நாளோ முப்பது நாளோ தங்கி, விடைபெற்றுச் சென்றுவிடும் நோய் ஒன்று. குடும்பத்தில் ஒருவரைப் போல் குடியேறி, நம்மோடு உண்டு, நம்மோடு உறங்கி, நாம் வெளியூர் போனால் நம்மோடு பயணமும் புறப்படும் நோய் மற்றொன்று. முதல் வகை நோயில் என்ன செய்ய வேண்டும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். மருந்து குடிப்போம், ஓதிப் பார்ப்போம், துஆச் செய்வோம், அல்லாஹ்வின் அருளால் எழுந்துவிடுவோம். இரண்டாம் வகை நோய் வந்தவர்கள்தாம் தடுமாறுகிறார்கள். தங்களை நோயாளி என்று எண்ணுவதா, சுகமானவர் என்று எண்ணுவதா என்று அவர்களுக்கே விளங்குவதில்லை. வெளியில் பார்த்தால் நன்றாக நடமாடுகிறார்கள். உள்ளே நோய் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இவ்வகையில் நம் சமுதாயத்தில் மலிந்து கிடப்பது சர்க்கரை வியாதி. இந்தியாவில் பத்துக் கோடிக்கும் அதிகமான மக்களுக்கு இந்நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உதவிய ஓர் ஆய்வு 2023இல் தெரிவித்தது. நெய்ச்சோறும் பிரியாணியும் வட்டலப்பமும் இல்லாமல் ஒரு நல்ல காரியம் நடக்காத நம் வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நோயாளிக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் நபி ஐயூப் (அலை) அவர்களின் பொறுமையைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்த வரலாற்றின் இன்னொரு பகுதியை நாம் கவனிப்பதில்லை. ஐயூப் (அலை) அவர்கள் தமக்கு நேர்ந்த துன்பத்தைத் தம் ரப்பிடம் வாய்விட்டு முறையிட்டார்கள். அதனால் அவர்களுடைய பொறுமைக்குப் பங்கம் வரவில்லை. அல்லாஹு தஆலா அவர்களைக் காலால் பூமியைத் தட்டச் சொல்லி, குளிக்கவும் குடிக்கவும் குளிர்ந்த நீரைத் தந்தான். பொறுமையாளர்களின் தலைவருக்கே நிவாரணம் ஒரு பொருளின் வழியாகத்தான் வந்தது. அப்படியிருக்க, மருந்தை விடுவதுதான் தவக்குல் என்று நம்மில் சிலர் நினைப்பது எங்கிருந்து வந்தது?

மருத்துவம் செய்துகொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். முதுமை ஒன்றைத் தவிர ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்றும் அறிவித்திருக்கிறார்கள். 1922ஆம் ஆண்டு ஜனவரியில் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி செலுத்தப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட சிறுவர்கள் அதிக காலம் வாழ்ந்ததில்லை. இந்த ஊசி பன்றியிலிருந்து எடுக்கப்படுவதல்லவா என்று இன்றும் சில பெரியவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் 1982 முதல், நுண்ணுயிர்களைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கும் இன்சுலின் விற்பனைக்கு வந்துவிட்டது. இன்று நம் மருந்துக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அவ்வாறு தயாரானவையே. சந்தேகமுள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். சந்தேகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஊசியை நிறுத்திவிட வேண்டாம்.

இனி நோன்பின் விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் உயிருக்கே ஆபத்து நேர்கிறது. 2001ஆம் ஆண்டு 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளை ஆராய்ந்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை கடுமையாக இறங்கிவிடும் ஆபத்து, ரமளானில் முதல் வகை நோயாளிகளுக்கு 4.7 மடங்கும், இரண்டாம் வகை நோயாளிகளுக்கு 7.5 மடங்கும் கூடியிருந்தது. சர்க்கரை மிகுந்தால் பல வருடங்களில் உடல் கெடும். சர்க்கரை இறங்கினாலோ சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம்.

நாம் முன்பு இமாமத் செய்த ஓர் ஊரில், கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார், ரமளான் மாதத்தில் அஸர் ஜமாஅத்தின்போது ஸஃப்பிலேயே தள்ளாடி உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுவதும் வேர்வை, கைநடுக்கம், பேச்சுக் குழறல். காற்று வாக்கு என்றார் ஒருவர், கண்ணேறு என்றார் இன்னொருவர். அவருடைய பேரன்தான் வீட்டுக்கு ஓடி, சீனி கரைத்த தண்ணீர் கொண்டு வந்தான். நோன்பாளியின் வாயில் தண்ணீரா என்று அவனைத் தடுத்தவர்களும் உண்டு. நாம் அவர்களை விலக்கிவிட்டு, நினைவு இருக்கும்போதே அவரைக் குடிக்கச் செய்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். ஸஹரில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு அரைக் கவளம் சாப்பிட்டிருக்கிறார். நோன்பு வைக்கக் கூடாதென்று மருத்துவர் சொன்னதை வீட்டில்கூட அவர் சொல்லவில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். "ஹஜ்ரத், ஹாஜியாருக்கு நோன்பில்லை என்று நாலு பேர் பேசினால் நான் எப்படிக் கடையில் உட்காருவேன்?" என்றார்.

"நோன்பை யாருக்காக வைத்தீர்கள் ஹாஜியார்?" என்று கேட்டோம்.

நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்: "அப்படியானால் தராவீஹுக்காவது நான் வரலாமா?"

நோன்பு வைக்காதவனுக்குத் தராவீஹும் கிடையாது, ரமளானே கிடையாது என்று எண்ணியிருக்கிறார் அந்த மனிதர். முன் ஸஃப்பில் வந்து நில்லுங்கள், நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து தொழுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். தொழுகையும் நோன்பும் தனித்தனிக் கடமைகள். ஒன்றில் கிடைத்த சலுகை மற்றொன்றின் வாசலை அடைப்பதில்லை.

சகோதரர்களே, தாய்மார்களே! நோயாளியும் பிரயாணியும் நோன்பை விட்டுவிட்டு வேறு நாட்களில் நோற்கலாம் என்பது ஏதோ ஓர் ஆலிம் இரக்கப்பட்டுக் கொடுத்த பத்வா அல்ல. நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்தில், அல்பகரா அத்தியாயத்தில், அதே ரப்பு சொன்னது. கடமையை மட்டும் அவனிடம் வாங்கிக்கொண்டு சலுகையைத் திருப்பிக் கொடுப்பது அடக்கமாகுமா? ஒரு பிரயாணத்தில் ஒருவரைச் சுற்றி மக்கள் கூடி நிழல் பிடித்துக்கொண்டிருந்ததை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டார்கள். அவர் நோன்பாளி என்று சொல்லப்பட்டது. பிரயாணத்தில் இப்படி நோன்பு நோற்பது நற்செயலில் சேர்ந்ததல்ல என்று கூறிவிட்டார்கள்.

இதைவிடக் கடுமையான சம்பவம் ஒன்று அபூதாவூத் கிரந்தத்தில் இருக்கிறது. ஒரு பிரயாணத்தில் தலையில் கல் பட்டுக் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, உமக்குச் சலுகை இல்லை என்றார்கள். குளித்தார், இறந்தார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள், அவர்கள்தாம் அவரைக் கொன்றார்கள் என்று கடிந்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேள்விதானே என்ற கருத்தில் சொன்னார்கள். அந்த நோயாளி கேட்கத்தான் செய்தார். பதில் சொன்னவர்கள்தாம் குற்றத்துக்கு உள்ளானார்கள். திண்ணையில் உட்கார்ந்து, "இந்தச் சின்ன வியாதிக்கெல்லாமா நோன்பை விடுவது?" என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் இந்த ஹதீஸைப் பார்க்கட்டும்.

சர்க்கரை வியாதி உள்ளவர் எல்லோரும் நோன்பை விட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. உணவுக் கட்டுப்பாட்டிலும் சில வகை மாத்திரையிலும் நோயை அடக்கி வைத்திருப்பவர்களில் பலர் தடையின்றி நோற்கலாம். நாளுக்குப் பல முறை இன்சுலின் போடுபவர், சிறுநீரகம் பழுதானவர், அடிக்கடி சர்க்கரை இறங்குபவர் ஆகியோரின் நிலை வேறு. திறமையும் நம்பிக்கையும் உள்ள மருத்துவரிடம் ரஜப் மாதத்திலேயே போய்விட வேண்டும். பிறை பார்த்த இரவில் போனால் அவர் மருந்தின் அளவை எப்படி மாற்றிச் சரிபார்ப்பார்? விரல் நுனியில் குத்தி ரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது. தோலுக்கடியில் போடும் இன்சுலினாலும் நோன்பு முறியாது. உணவுக்குப் பதிலாகச் செலுத்தாத ஊசிகளைப் பற்றி 1997இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய பிக்ஹ் அகாடமியும் இவ்வாறே முடிவு செய்தது. பார்த்த அளவு 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்துள்ள எல்லை. மஃரிபுக்கு இன்னும் பத்தே நிமிடம்தான் என்று காத்திருக்கக் கூடாது.

விட்ட நோன்பை, குளிர்ந்த குறுகிய பகலுள்ள நாட்களில் களாச் செய்ய முடிந்தவர் செய்யட்டும். நீங்கும் என்ற எதிர்பார்ப்பே இல்லாத நோயால் நோற்க இயலாதவருக்குப் பித்யா இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் நோன்பொன்றுக்கு ஒரு முத்து அளவு தானியம். ஹனபி மத்ஹபில் ஒரு பித்ரா அளவு. மேலே சொன்ன ஹாஜியார் தம் கடை அரிசியையே அளந்து கொடுத்தார். அந்தத் தெருவில் அவ்வருடம் சில அடுப்புகள் அதனால் எரிந்தன.

நோன்பு வருடத்துக்கு ஒரு மாதம். ஒளூ தினமும் ஐந்து வேளை. இந்நோயில் நாளடைவில் பாதம் மரத்துப் போகிறது. முள் குத்தியதும் செருப்புக் கடித்ததும் தெரிவதில்லை. தெரியாத புண் புரையோடிக் காலையே எடுக்க வேண்டி வருகிறது. பாதங்களைக் கழுவும்போது கால் விரல்களுக்கிடையே விரலை விட்டுக் கோதிக் கழுவுவது சுன்னத்து. அந்த ஐந்து வேளையிலும் பாதத்தைக் கழுவுவதோடு கண்ணால் பார்க்கவும் செய்தால் எத்தனையோ கால்கள் தப்பும். உள்ளங்காலைக் குனிந்து பார்க்க முடியாத முதியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். கழுவிய பின் விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்துவிடவும். ஏற்கெனவே கட்டுப் போட்ட புண் இருந்தால் கட்டை அவிழ்த்து நனைக்காதீர்கள். கட்டின் மீது மஸஹ் செய்தால் போதும். ஷாபிஈ மத்ஹபினர் அத்துடன் தயம்மும் செய்துகொள்ள வேண்டும். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம். இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தங்களுக்கிருந்த மூல நோயைச் சொல்லிக் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தந்த விடை அது. வெளியில் சொல்ல எவரும் கூசும் நோய். அந்த ஸஹாபி கூசாமல் கேட்டதால் இன்றளவும் நோயாளிகள் அந்த விடையில் தொழுகிறார்கள்.

நோய் வந்துவிட்டால் வீட்டுக்குள் முடங்கிவிட வேண்டும் என்று சிலர் தாமாகவே ஒரு சட்டம் போட்டுக்கொள்கிறார்கள். கல்யாண வீடு இல்லை, தோட்ட வேலை இல்லை, மகளைப் பார்க்க வெளியூர் போவதில்லை. பள்ளிக்கு நடந்து போவதே இந்நோய்க்கு நல்ல மருந்து. செடி வளர்ப்பவர் வளர்க்கட்டும், கையுறையும் செருப்பும் போட்டுக்கொண்டு. விருந்துக்கு அழைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் விட்டுவிடுங்கள். "ஒரு துண்டு சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று தட்டில் அல்வாவைத் திணிப்பது உபசாரமல்ல.

பிரயாணம் போகிறவர் மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். விமானத்தில் பெட்டியோடு அனுப்பினால் இன்சுலின் உறைந்து கெட்டுவிடலாம். பேருந்தில் வெயில் படும் ஜன்னலோரமும் ஆகாது. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் தங்கினால், ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைக்கும் பழக்கம் நல்லதே. சட்டைப் பையில் சீனியோ குளுக்கோஸோ எப்போதும் இருக்கட்டும். மயங்கி நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனைக்குத்தான் கொண்டு செல்ல வேண்டும்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2024ஆம் வருட ஹஜ்ஜில் மக்காவின் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசாங்கம் அறிவித்தது. மரத்துப்போன பாதத்துடன் வெறுங்காலில் அந்தத் தரையில் நடந்தால் தோல் வெந்த பிறகுதான் தெரியும். காலில் புண் உள்ள ஆண்கள் இஹ்ராமில் பாதத்தை மூடும் காலணி போட நேர்ந்தால், போடலாம். பித்யா கொடுத்துவிட வேண்டும்: மூன்று நோன்பு, அல்லது ஆறு ஏழைகளுக்கு உணவு, அல்லது ஓர் ஆடு. ஹுதைபிய்யாவில் கஃபு இப்னு உஜ்ரா (ரலி) அவர்களின் தலையில் பேன் மலிந்து முகத்தில் விழுந்தபோது, தலையை மழித்துக்கொள்ள அனுமதித்து இறங்கிய சட்டம் இது. ஒரு பிரயாணியின் தலை அரிப்பைக்கூட அல்லாஹ் விட்டுவிடவில்லை.

பிரயாணமே முடியாமற் போனவர்களும் இருக்கிறார்கள். தபூக் யுத்தப் பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம், மதீனாவில் சிலர் இருக்கிறார்கள், நீங்கள் கடந்த ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் அவர்கள் உங்களோடு இருந்தார்கள், நோய்தான் அவர்களைத் தடுத்துவிட்டது என்று கூறினார்கள். சுகமாக இருந்தபோது செய்துவந்த நல்லமல்கள், நோயிலும் பிரயாணத்திலும் விடுபட்டாலும் அதே கணக்கில் எழுதப்படும் என்பதும் ஹதீஸில் வந்துள்ளது. ஆகவே போய்த் திரும்புகிறவர்கள், போக முடியாதவர்களின் வீட்டுக்குத்தான் முதலில் ஸலாம் சொல்லப் போக வேண்டும். ஜம்ஜம் தண்ணீரைத் தாராளமாகக் கொடுங்கள். பேரீத்தம்பழத்தை மட்டும் எண்ணிக் கொடுங்கள்.