பேட்டா இஸ்ரேல்: தனிமையும் தூய்மையும் பற்றிய ஒரு கேள்வி

ஒரு சமயம் தன் தாய்மரபிலிருந்து பல நூற்றாண்டுகள் துண்டிக்கப்பட்டு வாழ்ந்த பின்பும் அதே சமயமாக நீடிக்கிறதா, நீடிக்கிறது என்றால் அதைத் தீர்ப்பளித்துச் சொல்லும் அதிகாரம் யாருக்கு உரியது என்னும் கேள்வி, எத்தியோப்பியாவின் பேட்டா இஸ்ரேல் மக்களுடைய வரலாற்றில் மிகக் கூர்மையாக எழுந்தது. தானா ஏரிக்கு வடக்கே கோந்தார் வட்டாரத்திலும் சிமியென் மலைகளிலும் திக்ராய்ப் பகுதியிலும் உழவர்களாகவும் கொல்லர்களாகவும் குயவர்களாகவும் வாழ்ந்த இம்மக்கள், தம்மை இஸ்ரவேலின் வழிவந்தோராகவே கருதினர்; ஆயினும் பிற நாட்டு யூதர்களின் வழிபாட்டு மொழியான எபிரேயத்தை அவர்கள் அறியார். மோசேயின் ஐந்து நூல்களை முதன்மையாகக் கொண்ட அவர்களுடைய மறைநூலாகிய 'ஓரித்', எத்தியோப்பியத் திருச்சபையின் வழிபாட்டு மொழியுமான கீயெஸில் அமைந்தது. அதை ஓதி விளக்கியவர்கள் 'கெஸ்' எனப்பட்ட குருமார்.

அவர்களுடைய ஒழுக்கத்தின் கண்டிப்பை அன்றாட வாழ்வில் காணலாம். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அடுப்பு நெருப்பு அணைக்கப்பட்டது. மறுநாள் இருட்டும்வரை ஆறிய உணவே உண்ணப்பட்டது. மாதவிலக்கிலும் மகப்பேற்றிலும் பெண்கள் ஊரின் ஓரத்தில் அமைந்த தனிக்குடிசையில் தங்கினர். வேற்றுச் சமயத்தாரைத் தீண்டியவர் நீராடிய பின்பே வீடு புகுந்தார். இதனாலேயே ஊர்கள் ஆற்றங்கரையை ஒட்டி அமைந்தன. எருசலேம் கோயில் கி.பி. 70இல் அழிந்தபின் பிற யூதர்கள் கைவிட்ட பாஸ்கா ஆட்டுப்பலியை இவர்கள் தொடர்ந்து செலுத்தினர். மறுபுறம், மக்கபேயரின் வெற்றியை நினைவுகூரும் ஹனுக்கா விழா இவர்களிடம் இல்லை; வாய்மொழிச் சட்டங்களையும் அவற்றின் மீதான விவாதங்களையும் திரட்டிய தல்மூத் என்னும் பெருந்தொகையும் இவர்களை எட்டவில்லை.

இவற்றை ஒருசேரக் காண்போர், தல்மூதுக்கு முந்திய பழைய யூத நெறி மலைநாட்டில் மாறாமல் தங்கிவிட்டது என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகின்றனர். 16ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த சட்ட அறிஞரான தாவீது இபின் சிம்ரா, இம்மக்கள் காணாமற்போன தாண் கோத்திரத்தைச் சேர்ந்தோர் என்று கூறினார். அக்கூற்று பின்னர் பெரும் விளைவுகளுக்கு வழிகோலியது. ஆனால் இம்மக்களின் வழிபாட்டை நெருங்கிக் கேட்டவர்களுக்கு வேறொரு செய்தி புலப்பட்டது. இசையியல் அறிஞர் கே காஃப்மன் ஷெலமே, 1986இல் வெளியான தம் நூலில், அவர்களுடைய மன்றாட்டுகளும் பண்களும் அண்டையிலிருந்த எத்தியோப்பியக் கிறித்தவ வழிபாட்டோடு ஆழ்ந்த உறவுடையன என்று காட்டினார். வேறு எந்த யூத சமூகத்திலும் வேரூன்றாத துறவுமடம் இவர்களிடம் வேரூன்றியிருந்தது. 15ஆம் நூற்றாண்டினரான அப்பா சப்ரா என்னும் துறவியே அதை நிறுவினார் என்பது அவர்களுடைய மரபு. கிறித்தவர்கள் பக்கமும் இதே நிலைதான்: அவர்கள் எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்கின்றனர், பன்றி இறைச்சியை விலக்குகின்றனர், உடன்படிக்கைப் பேழையைக் குறிக்கும் 'தாபொத்' பலகையை ஒவ்வொரு கோயிலிலும் வைத்துப் போற்றுகின்றனர், ஞாயிற்றுக்கிழமையோடு சனிக்கிழமையையும் ஓய்வுநாளாகக் கொள்வதை 1450இல், பேரரசர் ஸாரா யாக்கோப் காலத்தில் கூடிய சங்கம் உறுதிப்படுத்தியது.

ஆகவே தனிமை என்பதற்கு ஒரு திசை உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எருசலேமிலிருந்தும் பாபிலோனிலிருந்தும் தொலைவில் இருந்தவர்கள் கோந்தாருக்கு மிக அருகில் இருந்தார்கள். ஒரு மையத்தோடு தொடர்பு அற்றவர்கள் அண்டை அயலாரோடு ஒரே மொழியைப் பேசி, ஒரே சந்தையில் கலப்பைக்கொழுவும் மண்பானையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். மலையும் பள்ளத்தாக்கும் மட்டுமே அவர்களைப் பிரித்து வைத்தன என்பதும் முழு உண்மையன்று. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பேரரசர் யெஷாக்கின் காலம் முதல் அவர்களில் பலர் நிலவுரிமையை இழந்தனர். நிலமற்றவர்கள் கைத்தொழிலை நாடியபோது, கொல்லர்கள் இரவில் கழுதைப்புலியாக மாறித் தீங்கு செய்வர் என்ற அச்சம் அவர்கள்மீது படர்ந்தது. அயலார் அவர்களை அஞ்சி விலக்கினர். அவர்கள் அயலாரைத் தீட்டென்று விலக்கினர். இப்படி இருபுறமிருந்தும் எழுப்பப்பட்ட சுவருக்குள்தான் ஒரு தனி மக்களினம் உருப்பெற்றது. அது உருப்பெற்ற இடம் எத்தியோப்பியா என்பதால் அதன் யூத நெறி பொய்யாகிவிடாது. தல்மூதும் பாபிலோனில்தான், வேற்றுமொழியும் வேற்றரசும் சூழ்ந்த நிலையில்தான், வளர்ந்து நிறைவுற்றது.

இந்த உண்மை மறக்கப்பட்டதால் விளைந்த துன்பம் சிறிதன்று. 1862இல் அப்பா மஹாரி என்னும் துறவியின் தலைமையில் ஒரு பெருங்கூட்டம், மீட்பின் காலம் வந்தது என்று நம்பிச் செங்கடலை நோக்கி நடந்தது. பசியும் நோயும் பலரைக் கொன்றன, கடலை எட்டாமலே எஞ்சியோர் திரும்பினர். 1867இல் கீழ்த்திசை அறிஞர் ஜோசப் ஹலெவி அவர்களைத் தேடிச் சென்று தாமும் ஒரு யூதர் என்றபோது, வெள்ளைத் தோலுடைய யூதர் இருக்க முடியும் என்பதை அவர்கள் முதலில் நம்பவில்லை. யூதத்தின் மெய்யான வடிவம் தங்களிடமே இருப்பதாக அவர்கள் எண்ணினர். ஐரோப்பிய யூதரும் தம்மைப் பற்றி அவ்வாறே எண்ணினர். 1973இல் இஸ்ரேலின் தலைமை ரபி ஒவாதியா யோசேப்பு, இபின் சிம்ராவின் கூற்றைச் சான்றாகக் கொண்டு அவர்களை யூதர் என ஏற்றார். 1975இல் நாடு திரும்பும் உரிமைச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று அரசு முடிவு செய்தது. 1984–85இல் சூடான் வழியாகப் பல்லாயிரவர் இஸ்ரேலுக்கு வந்து சேர்ந்தனர். சூடானை நோக்கிய நடைபயணத்திலும் அங்கிருந்த முகாம்களிலும் இறந்தோர் ஏறத்தாழ 4,000 பேர் எனக் கணிக்கப்படுகிறது. 1991 மே மாதம் சுமார் 36 மணி நேரத்தில் 14,000க்கும் மேற்பட்டோர் ஆதிஸ் அபாபாவிலிருந்து வானூர்திகளில் கொண்டுவரப்பட்டனர்.

ஓய்வுநாளை மீறாதிருக்கப் பசியையும் இழிவையும் தாங்கிய அம்மக்களிடம், யூதத் தன்மையை ஐயமற உறுதிசெய்யும்பொருட்டு ஆண்கள் ஒரு துளி குருதி சிந்த வேண்டும் என்று முதலில் கோரப்பட்டது. அது கைவிடப்பட்ட பின்பும், மதம் மாறி வருவோருக்குரிய நீர்முழுக்கு வற்புறுத்தப்பட்டது. 1985இல் அவர்கள் எருசலேமில் தலைமை ரபி அலுவலகத்தின் முன் பல வாரங்கள் அமர்ந்து போராடியது முற்றிலும் நியாயமே. குருதிவழியில் ஐயம் நேர்ந்தால் சடங்கால் தீர்க்கலாம் என்று சட்டம் கருதியது. தலைமுறை தலைமுறையாகக் காத்த ஒழுக்கமே சான்று என்று அவர்கள் கருதினர். சமயம் என்பது இறைவன்முன் வாழும் வாழ்க்கைமுறை என்று கொண்டால், அவர்களுடைய சான்றே வலியது.

புலம்பெயர்வுக்குப் பின் தனிக்குடிசையும் பலியும் பெரும்பாலும் மறைந்தன. 'சிக்த்' என்னும் விழா மட்டும் வேறுவிதமாக வளர்ந்தது. பாவப்பரிகார நாளுக்குப் பின் ஐம்பதாம் நாளில் நோன்பிருந்து, ஓரித்தைச் சுமந்து மலையுச்சி ஏறி, எஸ்ரா, நெகேமியா காலத்து உடன்படிக்கைப் புதுப்பிப்பை நினைவுகூர்ந்து, எருசலேமுக்குத் திரும்ப வேண்டும் என்று மன்றாடுவது அதன் வழக்கம். இப்போது அது எருசலேமிலேயே நிகழ்கிறது. இடிந்த கோயில் மீண்டும் எழ வேண்டும் என்ற வேண்டுதல் அதில் தொடர்கிறது. 2008இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் அதை நாட்டின் விழாக்களில் ஒன்றாக ஏற்றது. எனினும், அவ்விழாவை முன்னின்று நடத்தும் கெஸ் குருமாருக்குத் திருமணம் செய்துவைக்கும் உரிமையை வழங்குவதில் ரபிகளின் தலைமை நெடுங்காலம் தயங்கியது. ஒரு மரபின் விழாவை மகிழ்ந்து கொண்டாடுவது அரசுக்கு எளிதாயிற்று. அம்மரபின் குருவைத் தமக்கு நிகரான ஆசானாக ஏற்பது ரபிகளுக்கு அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.