காயத்திற்குப் பொறுப்பு யார்? கடைக்காரரா, வாடிக்கையாளரா?

 



காபியைத் தன் மேல் தானே கொட்டிக்கொண்டு, கம்பெனி மீது கேஸ் போட்டு, கோடீஸ்வரியாகிவிட்ட அமெரிக்கக் கிழவியின் கதையை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆளுக்கு ஆள் சொல்லிச் சிரிக்கும் கதை அது. "காபி சூடாக இருக்கும் என்று தெரியாதா?" என்று கேட்டால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறோம். ஒரு செய்தி வந்தால் விசாரித்துத் தெளிவு பெறாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடக் கூடாது என்று சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் எச்சரித்திருக்கிறானே, அந்த எச்சரிக்கை அமெரிக்கக் கிழவிக்கும் சேர்த்துத்தான். எனவே முதலில் நடந்ததைத் தெரிந்துகொள்வோம்.

1992 பிப்ரவரி மாதம். நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகெர்க் நகரம். 79 வயதான அந்த மூதாட்டி தன் பேரன் ஓட்டிய காரில் அமர்ந்து, மெக்டொனால்ட்ஸ் கடையின் கார் ஜன்னலில் 49 சென்ட்டுக்கு ஒரு காபி வாங்கினார். வண்டி ஓடிக்கொண்டிருக்கவில்லை, ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். கோப்பையை முழங்கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு, சர்க்கரையும் பாலும் சேர்ப்பதற்காக மூடியைத் திறந்தார். காபி முழுவதும் மடியில் கொட்டிவிட்டது. போட்டிருந்த துணி அதை உறிஞ்சித் தோலோடு ஒட்டிக்கொண்டது. தோல் முழுவதும் வெந்து போகும் மூன்றாம் நிலைத் தீக்காயம். எட்டு நாட்கள் மருத்துவமனை, வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டும் சிகிச்சை, அதன் பிறகும் நீண்ட நாள் வைத்தியம்.

அவர் முதலில் கோடி கேட்கவில்லை. வைத்தியச் செலவையும் அதனால் வந்த நஷ்டத்தையும் ஈடுகட்ட 20,000 டாலர் கேட்டார். கம்பெனி 800 டாலர் தருவதாகச் சொன்னது. அதன் பிறகுதான் கோர்ட். அங்கே வெளிவந்த செய்தி என்ன தெரியுமா? அந்தக் கம்பெனியின் விதிப்படி காபியை 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்திருக்க வேண்டும். அந்தச் சூடு பட்டால் சில விநாடிகளில் தோல் முழு ஆழத்துக்கு வெந்துவிடும். அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் காபி சுட்டதாக 700 புகார்கள் அவர்களிடமே பதிவாகியிருந்தன. இத்தனை புகார் வந்தும் ஏன் மாற்றவில்லை என்று கேட்டதற்கு, விற்கும் கோப்பைகளின் எண்ணிக்கையோடு பார்த்தால் இது பெரிய எண்ணிக்கை அல்ல என்ற பதில்தான் கம்பெனி தரப்பிலிருந்து வந்தது.

1994 ஆகஸ்டில் ஜூரிகள் சொன்ன தீர்ப்பு: 80 சதவீதப் பொறுப்பு கம்பெனியுடையது, 20 சதவீதம் அந்த மூதாட்டியுடையது. நஷ்டஈடாக நிர்ணயித்த 2,00,000 டாலரில் அவருடைய பங்கைக் கழித்து 1,60,000. அதற்கு மேல் கம்பெனிக்குத் தண்டனையாக 27 லட்சம் டாலர். நீதிபதி அந்தத் தண்டனைத் தொகையை 4,80,000 ஆகக் குறைத்தார். கடைசியில் இரு தரப்பும் வெளியில் பேசி முடித்துக்கொண்டார்கள். நம்மிடம் சொல்லப்பட்ட கதையில் இவற்றில் எது இருந்தது?

அன்பிற்குரியவர்களே! இப்போது நம் ஷரீஅத்தின் பக்கம் வருவோம். பிறருக்கு நேர்ந்த இழப்புக்குப் பொறுப்பேற்பதை ஃபிக்ஹில் ளமான் என்பார்கள். இதில் இரண்டு பேரைப் பிரித்துப் பார்ப்பார்கள். கையால் செய்தவர் முபாஷிர். அது நடக்கக் காரணமாக இருந்தவர் முதஸப்பிப். உஸ்மானியர் காலத்தில் தொகுக்கப்பட்ட சட்ட நூலான மஜல்லாவில், 90 முதல் 94 வரையிலான விதிகளில் இதைப் பார்க்கலாம். நேரடியாகச் செய்தவர் வேண்டுமென்று செய்யாவிட்டாலும் பொறுப்பாளி. காரணமாக இருந்தவரோ வரம்பு மீறியிருந்தால்தான் பொறுப்பாளி. இருவரும் ஒன்று சேர்ந்தால் பொறுப்பு பொதுவாக நேரடியாகச் செய்தவரைச் சாரும்.

இதோடு நிறுத்தினால் அந்த மூதாட்டிக்கு ஒன்றும் கிடையாது, கொட்டியது அவர் கைதானே என்று சொல்லிவிடலாம். மத்ரஸாவில் இந்தப் பாடத்தைப் பாதியில் விட்ட மாணவன் அப்படித்தான் சொல்வான். ஆனால் அதே பாடத்தில் கிணற்றுச் சட்டமும் வருகிறது. கிணற்றில் விழுந்தால் நஷ்டஈடு இல்லை என்ற கருத்தில் புகாரி, முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. இது சொந்த இடத்தில் தோண்டிய கிணற்றுக்கு. மக்கள் நடக்கும் பாதையில் அனுமதியில்லாமல் பள்ளம் தோண்டி ஒருவர் விழுந்தால் தோண்டியவரே பொறுப்பு என்று ஃபுகஹாக்கள் விளக்கினார்கள். யோசித்துப் பாருங்கள்! நடந்து போனவர் தன் காலால்தான் நடந்தார். யாரும் தள்ளவில்லை. ஆனாலும் பொறுப்பு தோண்டியவருக்கு. ஏனென்றால் நடந்தவருக்குப் பள்ளம் இருப்பது தெரியாது, தோண்டியவருக்குத் தெரியும்.

காபி சுடும் என்பது எல்லோருக்கும் தெரியும். சில விநாடிகளில் தோல் ஒட்டும் சிகிச்சைக்குக் கொண்டுபோய் விடும் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. விற்றவருக்கு 700 தடவை தெரியும். நம் ஊர் டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரில் தருகிறார். சூடு எவ்வளவு என்று விரலே சொல்லிவிடும், விளிம்பைப் பிடித்து ஊதி ஊதிக் குடிக்கிறோம். அவர்கள் கொடுத்ததோ சூடு வெளியே தெரியாத தெர்மோகோல் கோப்பை. மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். நனைந்ததற்காக நபியவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை, மழை அல்லாஹ்வுடையது. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்றுதான் கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் சொன்னார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் வரும் சம்பவம்.

சரி, அந்த 20 சதவீதம்? இப்படிப் பங்கு பிரிப்பது மேற்கத்தியக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அலீ (ரலி) அவர்கள் அளித்ததாக பைஹகீ முதலான நூல்களில் ஒரு தீர்ப்பு வருகிறது. மூன்று சிறுமிகள் விளையாடினார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் முதுகில் ஏறினாள். மூன்றாமவள் சுமந்தவளைக் கிள்ளினாள். சுமந்தவள் துள்ளினாள். மேலே இருந்தவள் விழுந்து கழுத்து முறிந்து இறந்துவிட்டாள். அலீ (ரலி) தியத்தை மூன்றாகப் பிரித்தார்கள். கிள்ளியவள் தரப்பில் ஒரு பங்கு, துள்ளியவள் தரப்பில் ஒரு பங்கு. மீதி ஒரு பங்கு தள்ளுபடி, ஏனென்றால் ஏறியவளின் செயலும் அதில் சேர்ந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் என்பதற்காக அவர் பங்கு மறைந்துவிடாது. அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதற்காக மற்றவர்கள் தப்பிவிடவும் முடியாது.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், போர்டு. "ஏற்படும் சேதத்திற்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று எழுதி மாட்டிவிட்டால் ளமான் நீங்கிவிடுமா? முவத்தாவில் ஒரு சம்பவம். இப்னு உமர் (ரலி) ஓர் அடிமையை 800 திர்ஹத்திற்கு, குறைகளுக்குத் தாம் பொறுப்பல்ல என்ற நிபந்தனையோடு விற்றார்கள். வாங்கியவர், அவருக்கு நோய் இருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை என்று வழக்குக் கொண்டுவந்தார். உஸ்மான் (ரலி) நிபந்தனையோடு விஷயத்தை முடித்துவிடவில்லை. விற்கும்போது அந்த நோய் தெரியாது என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். இப்னு உமர் (ரலி) சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பிறகு அவர் குணமடைந்து 1,500 திர்ஹத்திற்கு விலை போனார். இந்த நிபந்தனை எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபீ மத்ஹபில் அது விரிவாகச் செல்லும், ஷாஃபிஈ மத்ஹபில் சுருக்கமாக. ஆனால் அந்த விவாதமெல்லாம் பொருளின் விலையைப் பற்றியது. வாங்கியவரின் உடம்பு வெந்து போவதைப் பற்றியது அல்ல. தெரிந்தே மறைத்த பாவத்தைத் துடைக்கும் போர்டு எந்த மத்ஹபிலும் கிடையாது.

நம் நாட்டிலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளால் ஏற்படும் காயத்திற்குத் தயாரித்தவர், விற்றவர், சேவை தருபவர் ஆகியோரைப் பொறுப்பாக்கும் தனி அத்தியாயம் இருக்கிறது. பொருளைத் தவறாகப் பயன்படுத்தி வந்த காயத்திற்கு விற்றவர் மீது வழக்குப் போட முடியாது என்றும் அதிலேயே இருக்கிறது. ஹோட்டல், பாத்திரக் கடை, பேன்ஸி ஸ்டோர் வைத்திருப்பவர்கள் ஒரு தடவையாவது வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாடிக்கையாளராக இருக்கும்போது நம் கதை வேறு. தடுப்புச் சுவர் இல்லாத மொட்டை மாடியில் படுப்பவரைப் பற்றி அபூதாவூதில் ஒரு ஹதீஸ் வருகிறது. அவருக்கான பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிட்டது என்பது அதன் கருத்து. குக்கர் வெயிட்டை ஆவி அடங்கும் முன் பிடுங்கிவிட்டு, கேஸ் டியூப்பை வருடக்கணக்கில் மாற்றாமல் வைத்துவிட்டுக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. அதைவிடப் பயங்கரமானது, சிராய்ப்பை முறிவாக்கி, 3,000 ரூபாய் பில்லை 30,000 ஆக்கி வழக்குப் போடுவது. வாதத் திறமையால் ஒருவர் தமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வாங்கிக்கொண்டால், தாம் கொடுத்தது நெருப்புத் துண்டுதான் என்று நபி (ஸல்) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நபியின் தீர்ப்பே ஹலாலாக்காத பணத்தை எந்தக் கோர்ட் ஹலாலாக்கும்? கம்பெனிதானே, பெரிய பணக்காரன்தானே என்பது இதற்குப் பதில் ஆகாது.

கடைசியாக முதலாளிகளுக்கு. "கம்பெனி" என்ற பெயருக்கு கப்ரும் இல்லை, கேள்வி கணக்கும் இல்லை. சூட்டைக் குறைக்க வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவருக்கு இரண்டும் இருக்கின்றன. உமர் (ரலி) ஒரு பெண்ணை அழைத்துவர ஆளனுப்பினார்கள். அவள் பயந்து, வழியிலேயே பிரசவமாகிக் குழந்தை இறந்துவிட்டது. உங்கள் மேல் ஒன்றுமில்லை, நீங்கள் கண்டிக்கும் பொறுப்பில் இருப்பவர் என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள். இந்தக் காலத்து வக்கீல் நோட்டீஸ் போல! அலீ (ரலி) மட்டும், தியத் உங்கள் மீது, நீங்கள்தான் அவளைப் பயமுறுத்தினீர்கள் என்றார்கள். உமர் (ரலி) அந்தச் சொல்லையே ஏற்றார்கள்.

பனூ ஜதீமாவிடம் காலித் (ரலி) தவறாகப் புரிந்துகொண்டு சிலரைக் கொன்றுவிட்டபோது, அந்தச் செயலிலிருந்து தாம் விலகியிருப்பதாக நபி (ஸல்) அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அதோடு விட்டுவிடவில்லை. அலீ (ரலி) அவர்களிடம் பொருளைக் கொடுத்தனுப்பி, உயிர்களுக்கும் உடைமைகளுக்கும், நாய் நக்கும் பாத்திரத்துக்கும் கூட ஈடு கொடுக்கச் செய்தார்கள். மிச்சமிருந்ததையும், நமக்குத் தெரியாமல் போன இழப்புக்காக என்று அலீ (ரலி) அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்ததாக சீரா நூல்களில் வருகிறது. அனுப்பியவர் ஈடு செய்வது இப்படித்தான்.

நம் ஹோட்டல்களில் என்ன நடக்கிறது? வாடிக்கையாளர் மேல் சாம்பார் கொட்டிவிட்டால், சட்டைக்கும் மருந்துக்குமான காசு பரிமாறும் பையனின் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. ஈரத் தரையைத் துடைக்க ஆள் வைக்காதது முதலாளி. வழுக்கியது அவன் கால். ஃபிக்ஹில் கூலிக்கு வேலை செய்யும் தனிப்பட்ட ஊழியர் அமானிதம் பெற்றவர். அவர் வரம்பு மீறியோ அலட்சியம் செய்தோ நடந்தால் தவிர, வேலையின்போது நேரும் இழப்புக்கு அவரிடம் வசூலிக்க அனுமதியில்லை. அப்படிப் பிடித்த பணம் யாரிடமாவது இருந்தால், அந்தப் பையன் ஊரை விட்டுப் போயிருந்தாலும், தேடிப் பிடித்துத் திருப்பிக் கொடுங்கள். வல்லாஹு அஃலம்.