முஷ்டியின் விலை

குத்துச்சண்டை ஆகுமா, ஆகாதா என்ற கேள்விக்கு எம்மவர்களிடம் ஏலவே பதில் உண்டு. 1987 ஒக்டோபரில் மக்காவில் கூடிய ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் பிக்ஹ் சபை, தனது பத்தாவது அமர்வில், எதிராளியின் உடலைச் சேதப்படுத்துவதையே நோக்கமாகக் கொண்ட இவ்விளையாட்டு ஹராம் என்று தீர்ப்பளித்தது. முகத்தில் அடிப்பதைத் தடுக்கும் நபிமொழி மத்ரஸாவில் ஓதும் சிறுவனுக்கும் தெரியும். ஆயினும் முஹம்மத் அலியின் படத்தைச் சுவரில் மாட்டிய சாப்பாட்டுக் கடைகளும் சலூன்களும் எமது ஊர்களில் இருந்தன. தீர்ப்பை ஏற்றுக்கொண்டவர்களும் அந்தப் படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. இந்த முரண்பாட்டை இங்கே நான் கிளற வரவில்லை. உலமாக்களின் தீர்ப்பு மேடையில் நின்று குத்துபவனைப் பார்த்தது. மேடைக்கு அப்பால், மேசையில் உட்கார்ந்து அவனுக்கு விலை பேசுபவர்களைப் பற்றியதே என் கேள்வி.

பட்டத்துக்கான ஒரு போட்டி மேடையில் ஆகக்கூடியது 12 சுற்று. சுற்றுக்கு 3 நிமிடமாக 36 நிமிட வேலை. மேசை வேலைக்கு அப்படியொரு காலவரையறை கிடையாது. ஃப்ளொய்ட் மேவெதரையும் மானி பக்கியாவோவையும் மோதவிடும் பேச்சு 2009 இறுதியில் தொடங்கியது. இரத்தப் பரிசோதனையைப் போட்டிக்கு எத்தனை நாள் முன்வரை எடுக்கலாம் என்ற தகராறில் அது முறிந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் மத்தியஸ்தம் செய்தும் ஒட்டவில்லை. 2015 மே 2ஆம் திகதிதான் இருவரும் மேடையேறினார்கள். பங்கு 60க்கு 40. அப்போது ஒருவருக்கு 38 வயது, மற்றவருக்கு 36. சண்டை சப்பென்று முடிந்தது. ஆனாலும் அமெரிக்காவில் அதனை 46 இலட்சம் பேர் காசு கட்டிப் பார்த்தார்கள்.

இத்தகைய மேசையில் பரிசுத்தொகை மட்டுமே பேசப்படுவதில்லை. எந்த நாடு, எந்த அரங்கு, எந்த எடை, எந்தக் கையுறை, யாருடைய பெயர் முதலில், தோற்றவனுக்கு மறுபோட்டி உண்டா, வென்றவனின் அடுத்த போட்டிகளை நடத்தும் உரிமை யாருக்கு என்பதெல்லாம் பேரம்தான். பட்டம் வழங்கும் பெரிய சங்கங்கள் நான்கு. அவற்றுக்கும் ஒரு கட்டணம் போக வேண்டும். இரு தரப்பும் இணங்காவிட்டால் போட்டியை ஏலத்தில் விடுவார்கள். கூடுதலாகக் கேட்டவர் நடத்துவார். உதைபந்தாட்டத்தில் இருப்பது போல, யார் யாருடன் எப்போது மோதுவது என்று நிர்ணயிக்கும் ஒரே தலைமை இங்கே இல்லை. ஆகவே பேரம் பேசத் தெரிந்தவரே தலைமை.

எமது நாட்டில் இப்படியொரு வியாபாரம் வளரவில்லை. இங்கே குத்துச்சண்டை பாடசாலைக்கும் பொலிசுக்கும் படைகளுக்கும் உரிய விளையாட்டு; ஸ்டப்ஸ் கேடயத்துக்காக மோதும் மாணவனுக்குக் கிடைப்பது பெயரும் ஒரு பதக்கமும். வடசென்னையின் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகளிலும் மேடையேறியது பெரும்பாலும் மானமே. பணம் பின்னால்தான் நின்றது. எனவே இந்த வியாபாரத்தின் முழு உருவத்தைப் பார்ப்பதற்கு அமெரிக்காவுக்கே போக வேண்டியிருக்கிறது. அங்கேயும் எமக்கு நெருக்கமானவர் அலிதான்.

மேசைக்காரர்களைக் குறை சொல்லும்போது எழும் முதல் மறுப்பு இது: இரண்டு வளர்ந்த மனிதர்கள் மனமொப்பிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள், இதில் அநியாயம் எங்கே? குர்ஆனே பரஸ்பரப் பொருத்தத்தின் மீது நடக்கும் வியாபாரத்தை அனுமதிக்கவில்லையா?

அனுமதிக்கிறது. ஆனால் பொருத்தம் என்பது என்ன என்பதையும் மார்க்கம் பேசியிருக்கிறது. சந்தைக்கு வந்துகொண்டிருக்கும் சரக்குக்காரரை வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கப்பட்டால், விற்றவர் சந்தைக்கு வந்து சேர்ந்த பின் அந்த விற்பனையை முறிக்கும் உரிமை அவருக்குண்டு என்றும் சொன்னார்கள். இத்தனைக்கும் வழியில் விற்றவர் மனமொப்பித்தான் விற்றார். எவரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. அவருக்குத் தெரியாமலிருந்தது ஒன்றே ஒன்று: சந்தை விலை. அது தெரியாத சம்மதம் அரைச் சம்மதம் என்பதே இந்தத் தடையின் உட்பொருள் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

தெரணியகலைப் பக்கத்தில் வாழ்ந்தவருக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. மலைச்சரிவிலிருந்து இரண்டு ஏக்கர்க்காரன் இறப்பர் ஷீட்டைத் தோளில் சுமந்துகொண்டு இறங்குகிறான். கடையில் முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தரம் சொல்கிறார். கொழும்பில் அன்றைய விலை முதலாளிக்குத் தொலைபேசியில் வந்துவிட்டது. சுமந்து வந்தவனுக்கு வரவில்லை. மிளகுக்கும் பாக்குக்கும் கராம்புக்கும் இதே கதைதான். முதலாளி கெட்டவராக இருக்க வேண்டுமென்பதில்லை. மழை நாளில் கடன் கொடுப்பவரும் அவரே. இருந்தாலும் இருவருக்குமிடையில் இருக்கும் தராசை விடக் கனமான பொருள் அந்தத் தொலைபேசி. கடைத்தெருவில் அந்தப் பக்கம் நின்றவர்களில் எம்மவர்கள் கணிசமானோர் என்பதால், இந்த நபிமொழியை நாம் அமெரிக்காவுக்கு மட்டும் ஏற்றுமதி செய்துவிட முடியாது.

அலியின் வாழ்க்கையை மேடைகளின் வரிசையாகப் பார்த்துப் பழகிவிட்டோம். ஒப்பந்தங்களின் வரிசையாகவும் அதைப் பார்க்கலாம். 1960 இல் ரோம் ஒலிம்பிக் தங்கத்துடன் திரும்பிய 18 வயது இளைஞனை லூயிவில் நகரின் 11 வெள்ளைப் பணக்காரர்கள் ஒப்பந்தம் செய்தார்கள். கையெழுத்துக்கு 10,000 டொலர். வருமானத்தில் ஆளுக்குப் பாதி. 1964 இல் சொனி லிஸ்டனுடன் மோதுவதற்கு முன்னரே, லிஸ்டனுக்குப் பங்கிருந்த கம்பனியொன்று 50,000 டொலர் கொடுத்து, இவருடைய அடுத்த போட்டியை நடத்தும் உரிமையை வாங்கி வைத்துக்கொண்டது. வென்றாலும் எதிராளியின் பெட்டிக்குள்தான் போக வேண்டும்! 1971 மார்ச்சில் ஜோ ஃப்ரேஸியருடன் நடந்த போட்டிக்கு இருவருக்கும் தலா 25 இலட்சம் டொலர் என்று நிலையான தொகை பேசப்பட்டது. உலகம் அதுவரை காணாத தொகை அது. ஆனால் அரங்கிலும் திரைகளிலும் சேர்ந்த வசூலோடு ஒப்பிட்டால் சிறு பங்குதான்.

1974 ஒக்டோபர் 30 இல் கின்ஷாசாவில் நடந்தது இன்னும் விசித்திரமானது. டொன் கிங் என்ற புதிய தரகர் அலியிடமும் ஜோர்ஜ் ஃபோர்மனிடமும் தனித்தனியே போய், தலைக்கு 50 இலட்சம் டொலர் என்று வாக்களித்துக் கையெழுத்து வாங்கினார். அந்தப் பணம் அவரிடம் இருக்கவில்லை. கையெழுத்துக்களைக் காட்டித்தான் பணம் தேடினார். கடைசியில் கொடுத்தது ஸயீரை ஆண்ட மொபுட்டுவின் அரசாங்கம். கிங்கின் துணிச்சலை மறுப்பதற்கில்லை. கறுப்பு வீரர்களுக்கு அந்த விலையை அதற்கு முன் எவரும் பேசியதில்லை, அதையும் ஒரு கறுப்பரே பேசினார். தரகனே வேண்டாம் என்று சொல்பவர், தரகனில்லாத வீரனுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

1980 ஒக்டோபர் 2 இல் லாஸ் வேகஸில் லரி ஹோம்ஸுடன் நடந்த போட்டி வேறு வகை. அலிக்கு அப்போது 38 வயது. போட்டிக்கு முன் மேயோ மருத்துவ நிலையத்தில் பரிசோதித்தபோது ஒற்றைக்காலில் துள்ளுவதிலும் விரலை மூக்குக்குக் கொண்டுபோவதிலும் தடுமாற்றம் இருந்தது குறிப்பில் எழுதப்பட்டிருந்தது. நெவாடா மாநிலம் அனுமதிப்பத்திரத்தைக் கொடுத்தது. ஹோம்ஸ் அடித்தார், பல தடவை அடிக்க மனமில்லாமலும் அடித்தார். பத்தாம் சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் அஞ்சலோ டண்டி நிறுத்தினார். பேசிய தொகை 80 இலட்சம் டொலர். கிங் கொடுத்ததில் 11 இலட்சத்து 70 ஆயிரம் குறைந்தது. அலியின் சட்டத்தரணி 1982 இல் வழக்குத் தொடர்ந்தார். அலியின் வரலாற்றை எழுதிய தோமஸ் ஹவ்ஸர் பதிந்திருப்பதன்படி, கிங் ஒரு பெட்டியில் 50,000 டொலரைக் காசாக வைத்து அனுப்பினார். கையெழுத்து விழுந்த பின்னரே பெட்டியைக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அலி அப்போது மருத்துவமனையில் இருந்தார். கையெழுத்திட்டார், வழக்கு முடிந்தது. பெட்டியைச் சுமந்து போனவர் ஜெரமையா ஷபாஸ். அலியின் பழைய மார்க்கத் தோழர், அவர் நம்பிய மனிதர்.

கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்ற நபிமொழியை நாம் எத்தனை மேடைகளில் சொல்கிறோம். இங்கே உலர்ந்தது வியர்வை மட்டுமல்ல. இந்தக் கையெழுத்தையும் மனமொப்பியது என்று சொல்லத்தான் வேண்டுமா?

2000 மே மாதத்தில் அமெரிக்கா அலியின் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றியது. போட்டி நடத்துபவர் தனக்கு எவ்வளவு வருகிறது என்பதைச் சண்டையிடுபவனுக்குச் சொல்ல வேண்டும். நடத்துபவரும் வீரனின் முகாமையாளரும் ஒருவர் மற்றவரின் பணப்பையில் கை வைக்கக்கூடாது. ஒரு போட்டி தருவதைச் சாக்காக வைத்து எதிர்காலத்தையே எழுதி வாங்கும் ஒப்பந்தம் 12 மாதத்தைத் தாண்டக்கூடாது. சந்தை விலையைத் தெரிந்துகொண்டு விற்பதற்கான உரிமையென்று இதைச் சுருக்கலாம். வழியில் மறிக்கப்பட்ட சரக்குக்காரருக்கு 1400 வருடங்களுக்கு முன் கொடுக்கப்பட்டது ஏறத்தாழ இதுதான்.

ஆனால் இதோடு கணக்குத் தீரவில்லை. இறப்பர் ஷீட்டின் விலையை விற்பவன் கேட்டறிந்துவிட்டால் அவன் முழுச் சம்மதத்தோடு விற்கலாம். குத்துச்சண்டைக்காரன் விற்பது அவனுக்கே தெரியாத ஒன்றை. அலிக்கு பார்கின்ஸன் நோய் இருப்பது 1984 இல் கண்டறியப்பட்டது. 2016 ஜூன் 3 வரை அவர் அதனோடு வாழ்ந்தார். மேசையில் பங்கு பிரிக்கும்போது அந்த 32 வருடங்கள் எவருடைய கணக்கிலும் இல்லை. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அளவு தெரியாத பொருளின் வியாபாரத்தை எமது பிக்ஹ் நூல்கள் கரர் என்று தனியாகவே பேசுகின்றன. எல்லாக் கணக்குகளையும் திறந்து காட்டினாலும் இந்த ஒரு கணக்கைத் திறந்து காட்ட எந்த நடத்துனராலும் முடியாது.

எமக்குக் கொஞ்சம் கசப்பான ஒரு செய்தி இங்கே உண்டு. அந்த எதிர்கால மனிதனை நினைத்து ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தவர்கள் அந்த லூயிவில் வெள்ளைப் பணக்காரர்கள்தான். வருமானத்தில் 15 வீதத்தை ஒதுக்கி, 35 வயது வரை அல்லது ஓய்வு பெறும் வரை தொடமுடியாத நிதியில் போட்டார்கள். 1966 இல் அவர்களுடைய ஒப்பந்தம் முடிந்து முகாமை சகோதரர்களின் கைக்கு வந்தது. சகோதரத்துவம் ஒரு ஷரத்தின் வேலையைச் செய்யும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை 50,000 டொலர் பெட்டி சொல்லும்.

உடம்பு ஒருவனுடையது, பேச்சு இன்னொருவனுடையது என்ற ஏற்பாடு மேடைக்கு மட்டும் உரியதுமல்ல. 2021 இல் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகும்வரை, எமது மலைகளில் கொழுந்து பறிப்பவளின் நாட்கூலி இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை கொழும்பில் தொழிற்சங்கங்களுக்கும் முதலாளிமார் சம்மேளனத்துக்கும் இடையில் பேசப்பட்டது. அவளுக்கு முடிவு வானொலியில் வந்தது. அவள் குத்து வாங்கவில்லை. முழங்காலும் இடுப்பும் வாங்கின.

கடைசியாக ரியாதுக்கு வருவோம். 2023 மார்ச்சில் டைசன் ஃபியூரியுடன் மோத 30 வீதம் போதும் என்று ஒலெக்ஸாண்டர் உசிக் இறங்கி வந்தார். ஃபியூரி ஒரு மில்லியன் பவுண் உக்ரைனுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே கேட்ட கைமாறு. மறுபோட்டிப் பிரச்சினையில் அதுவும் முறிந்தது. இலண்டனில் தீராத பேரத்தைச் சவூதிப் பணம் தீர்த்து வைத்தது. 2024 மே 18 இல் ரியாதில் உசிக் வென்றார். 1999க்குப் பின் பாரமெடைப் பிரிவில் எல்லாப் பட்டங்களும் ஒருவரிடம் சேர்ந்தது அன்றுதான். மக்காவின் தீர்ப்புக்கு அப்போது 36 வயது. இன்று இந்த வியாபாரத்தின் மிகப்பெரிய மேசை, அந்தத் தீர்ப்புப் பிறந்த அதே நாட்டில் போடப்பட்டிருக்கிறது.

2025 ஜூலையில் அமெரிக்கப் பாராளுமன்றத்தில் இன்னொரு மசோதா அறிமுகமானது. அதற்கும் அலியின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஒரே நிறுவனம் வீரர்களை வைத்துக்கொண்டு, தரவரிசையும் பட்டமும் போட்டியும் தானே நடத்த அது வழிவிடும். அத்தகைய நிறுவனத்தில் சேர்பவனுக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டம் தந்த கணக்குக் கேட்கும் உரிமை மிஞ்சாது என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். அதை ஆதரிக்கும் அமெரிக்கக் கம்பனியின் குத்துச்சண்டைக் கூட்டாளி, ரியாதில் இருப்பவர்.