பலூனுக்குப் பின்னால் ஒரு மொய் நோட்டு

உங்கள் வீட்டு வாண்டுக்கு அடுத்த வாரம் பிறந்தநாள் என்று வைத்துக்கொள்வோம். ஹால் பிடிப்பதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா? நாற்பது பேரா, நாலு பேரா? ராத்திரி சாப்பாடு முடிந்து கணவனும் மனைவியும் கால்குலேட்டரோடு உட்காருகிறீர்கள். ‘போன மாசம் அவங்க வீட்டு பார்ட்டிக்குப் போனோமே... நாம கூப்பிடலைன்னா நல்லாவா இருக்கும்?’

கவனித்தீர்களா? இந்தப் பேச்சில் குழந்தை இன்னும் வரவே இல்லை!

நம் ஊர் விசேஷங்களில் மொய் நோட்டு உண்டு. யார் எவ்வளவு செய்தார்கள் என்று எழுதிவைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வோம். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. அது ஒருவகைக் கைமாற்று என்று எல்லோருக்கும் தெரியும். பிறந்தநாள் பார்ட்டியில் நோட்டு கிடையாது. கணக்கு மட்டும் உண்டு. ‘ரிட்டர்ன் கிஃப்ட்’ என்று அதற்கு நாமே பெயரும் வைத்துவிட்டோம்.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925-ல் பரிசைப் பற்றியே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பல சமூகங்களின் வழக்கங்களை ஆராய்ந்து அவர் சொன்னது இதுதான்: கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது - மூன்றுமே கட்டாயம். ‘சும்மா அன்புக்காக’ என்று நீட்டுகிற பொட்டலத்தோடு ஒரு கடனும் சேர்ந்தே கைமாறுகிறது.

பெரியவர்கள் நமக்கு இந்தக் கடன் பழகிப்போச்சு. ஆறு வயதுக்கு?

அதே வகுப்பில் ஒரு பிள்ளை. அவர்கள் வீட்டில் மாசக் கடைசி. வெறுங்கையோடு அனுப்ப அம்மாவுக்கு மனசு வரவில்லை. ‘காய்ச்சல், அனுப்ப முடியலைங்க’ என்று போனில் ஒரு பொய் சொல்லிவிடுகிறார். உங்கள் பிள்ளைக்கு அன்று ஒரு நண்பன் குறைகிறான். அந்தப் பிள்ளைக்கோ, நட்புக்கும் டிக்கெட் உண்டு என்று தெரிந்துபோகிறது.

ஆக, எளிமையாகக் கொண்டாடுவது நம் பர்ஸைக் காப்பாற்றுகிற சமாசாரம் மட்டுமில்லை. அடுத்தவர் மானத்தைக் காப்பாற்றுவது.

‘தினக்கூலிக்குப் போகிறவர் ஒரு கிலோ கேக் வாங்கித் தெருவையே கூப்பிடுகிறாரே, தப்பா?’ என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. அங்கே யாரும் பொட்டலத்தோடு வரவேண்டியதில்லை. வசதி இருந்தும் நாலு பேரை மட்டும் கூப்பிட்டு, ‘நாங்க ரொம்ப சிம்பிள்’ என்று ஊருக்கே போட்டோ காட்டுகிறோமே, அதுதான் ஆடம்பரம். செலவு அளவுகோல் இல்லை. வந்தவர்களில் யாராவது கூனிக்குறுகினார்களா என்பதுதான் அளவுகோல்.

ஐந்தாறு பிள்ளைகள், மொட்டைமாடி, கேசரி, வடை, இருட்டும்வரை கண்ணாமூச்சி. போதாதா? ‘பரிசு வேண்டாம்’ என்று கார்டில் அச்சடித்தால் சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டு வாங்கித்தான் வருவார்கள். போன் போட்டே சொல்லுங்கள்: ‘ஆளுக்கு ஒரு விடுகதையோட வந்தா போதும்!’

‘பரிசு இல்லேன்னா குழந்தை ஏங்காதா?’ ஏங்கும்தான். ஆசைப்பட்ட பொம்மையை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பெற்றவர்கள் கொடுப்பது எந்த நோட்டிலும் ஏறாது.

இன்று ராத்திரி கால்குலேட்டரை எடுக்கும் முன்னால் வாண்டைக் கூப்பிட்டு, ‘யாரெல்லாம் வரணும்?’ என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியலில் நிச்சயம் உங்கள் மேனேஜர் இருக்க மாட்டார்!